ஒரே சீட்டில் அறுபத்து மூணு பேர்

ஜூலை 9, செவ்வாய்

இந்த டைரி எனக்காக வாங்கினதில்லை. அப்பாவுக்கு வாங்கினது. "இனிமே எதுவா இருந்தாலும் எழுதிக் காட்டச் சொல்லுங்க"ன்னு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில சொன்னதும் அம்மா பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கிட்டு வந்துட்டாங்க. அப்பா முதல் பக்கத்துல எழுதினது ஒரே வரி: "எனக்கு வேண்டாம். இவன்கிட்ட குடு, உளறுறதை இதுல உளறட்டும்." இருபத்திரண்டு வருஷம் ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டே எழுதின கை. அந்த ஒரு வரியைப் படிக்க எனக்கும் அம்மாவுக்கும் அஞ்சு நிமிஷம் ஆச்சு. அதான் வேண்டாம்னுட்டார்.

சரி, உளறலாம். பேர் எழிலரசு. வயசு பதினேழு. டிப்ளமோ கம்ப்யூட்டர் ரெண்டாம் வருஷம். ஊர் ஆலங்குடி. அப்பா மாணிக்கவேல், புதுக்கோட்டை - அறந்தாங்கி ரூட்ல 'பூங்கொடி' பஸ் கண்டக்டர். யாராவது என் பேரைக் கேட்டா அப்பா முந்திக்கிட்டுச் சொல்வார்: "நான் தனியார். பையன்தான் அரசு." பஸ்ஸே சிரிக்கும். டிக்கெட் எடுக்காம இருக்கப் பார்த்தவனும் சிரிச்சு மாட்டிக்குவான்.

அப்பா தொண்டையில இருந்த கட்டியோட சேர்த்துக் குரல்பெட்டியையும் எடுத்துட்டாங்க. கழுத்துல சின்னதா ஒரு துளை. மூச்சு அது வழியாத்தான். வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து வாயில வச்சார். ஊதினார். சத்தம் வரல. காத்து வாய்க்கே வரல, கழுத்தோட போயிடுது. விசிலைத் துண்டுல துடைச்சு என் கையில வச்சார்.

நான் ஊதினேன், ரெண்டு தடவை. அம்மா அடுப்படியிலிருந்து, "வீட்டுக்குள்ள விசில் ஊதாதடா, சனியனே"ன்னாங்க.

ஜூலை 16

அப்பா புது பாஷை கண்டுபிடிச்சிருக்கார். மோதிரத்தால டம்ளர்ல ஒரு தட்டு தட்டினா 'நிறுத்து'. ரெண்டு தட்டினா 'ரைட்'. விசில் சட்டம்தான், கருவி மட்டும் மாறியிருக்கு. நான் பேசிக்கிட்டே இருந்தா டம்ளர்ல ஒரு தட்டு. அம்மா எதிர்த்தாப்பல உட்கார்ந்து சிரிக்கிறாங்க.

போன்ல டைப் பண்ணச் சொன்னேன். ஒரு விரல் வச்சா மூணு எழுத்து விழுது. போனைத் தூக்கிக் கட்டில்ல போட்டுட்டார்.

ஜூலை 23

கம்ப்யூட்டருக்கு சி பாஷை படிக்கிறேன்னு சொன்னாலே சொந்தக்காரங்க 'சீ'ங்கிற மாதிரி பார்க்கறாங்க. இன்னைக்கு சகாயமேரி மேடம் ஸ்ட்ரிங் எடுத்தாங்க. "ஸ்ட்ரிங்னா என்ன?"ன்னு கேட்டாங்க. "பாவாடை நாடா மேடம்"னேன். வெளியே நிக்க வச்சாங்க.

வெளியே நின்னதால பாதிதான் கேட்டுச்சு. ஸ்ட்ரிங்னா எழுத்தெல்லாம் கோத்த ஒரு வரியாம். ஒரு ஸ்ட்ரிங்கை இன்னொண்ணுக்குச் சமம்னு போட்டா அது காப்பி ஆகாதாம். காப்பி வேணும்னா ஸ்ட்ர்காப்பி போடணுமாம். இல்லாட்டி ஸ்ட்ர்டூப்னு ஒண்ணாம். ஹீரோ மாடியிலிருந்து குதிக்க டூப் போடற மாதிரின்னு ஜன்னல் வழியா ரிஸ்வானாகிட்ட சொன்னேன். ரிஸ்வானா எனக்கு அடுத்த ரோல் நம்பர். சிரிச்சுட்டு அவளும் வெளியே வந்தா. மீதி பாதி அவளுக்கும் போச்சு.

ஆகஸ்ட் 6

மினி ப்ராஜெக்டுக்கு எல்லாரும் லைப்ரரி, சம்பளப் பட்டியல்னு எடுக்கறாங்க. நான் எடுத்திருக்கிறது: 'மாணிக்கவேல் மைக்'. அப்பா லேப்டாப்ல ஒரு வரி அடிச்சு என்டர் தட்டுவார். திரையில வரும். நான் சத்தமாப் படிப்பேன். முடிஞ்சதும் ஒரு புள்ளி மட்டும் அடிச்சா மூடிக்கும். மூடும்போது அன்னைக்குப் பேசினது எல்லாம் தேதி போட்டு ஒரு ஃபைல்ல சேர்ந்துடும். ஆயுசு பூரா பேசினது அப்படியே இருக்கும்.

ரிஸ்வானா கேட்டா: "இதுக்கு நோட்பேட் போதாதா?"

"நோட்பேடுக்கு யாருடி மார்க் போடுவா?"

ஆகஸ்ட் 13

ரெக்கார்ட் எழுதறதுல நான் ரெக்கார்ட். ஒரே மத்தியானத்துல எட்டு ப்ரோக்ராம். எல்லாம் ரிஸ்வானா நோட்டைப் பார்த்து. அவ யாரைப் பார்த்து எழுதினாளோ, அது அவளுக்கும் கடவுளுக்கும் தெரியும். எங்க காலேஜ்ல ரெக்கார்ட் நோட்டு ஊர் சுத்தும். முதல்ல எழுதினவன் யாருன்னு யாருக்கும் தெரியாது.

அதுல 'வரிகளைச் சேமித்தல்'னு ஒரு ப்ரோக்ராம், எனக்கு வேண்டியது அப்படியே இருந்துச்சு. சுட்டுட்டேன். நடுவுல ஒரு வரி மட்டும் ஸ்ட்ர்டூப் போட்டு நீளமா இருந்துச்சு.

"இது எதுக்கு?"ன்னு ரிஸ்வானாகிட்ட கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? போர்டுல இருந்துச்சு, எழுதினேன்."

அதை எடுத்துட்டு வெறும் சமம் போட்டேன். ஓடுது. அது இல்லாமலே ஓடுது! அப்புறம் எதுக்கு? நம்ம கோடு ஸ்லிம்மு. சோதிக்கிறதுக்கு 'ஹலோ மைக் டெஸ்டிங்'னு ஒரு வரி அடிச்சு, மூடி, ஃபைலைத் திறந்தேன். ஜம்முனு உட்கார்ந்திருந்துச்சு. வேலை முடிஞ்சது.

ஆகஸ்ட் 19, திங்கள்

தொடக்க விழா. அத்தை மகன் கொடுத்த பழைய லேப்டாப்பை அப்பா மடியில வச்சேன். தமிழை இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும். அப்பா ஒத்தை விரலால அடிச்சார். முதல் வரி:

"எல்லாரும் உள்ள போங்க. படியில நிக்காதீங்க."

அதை அப்பா குரல்லயே கத்திப் படிச்சேன். அந்தக் குரல் எனக்கு வரும். மூக்கைக் கொஞ்சம் சேர்த்துக்கிட்டு, கடைசி எழுத்தை இழுக்கணும். அம்மா கையில இருந்த முறத்தைக் கீழ வச்சுட்டாங்க. அப்புறம், "இன்னொரு தடவை படி"ன்னாங்க.

அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அதனால அப்பா அடிக்க அடிக்க நான்தான் படிக்கணும். அவருக்கு நான் டூப். அப்பா அடிச்சது: "உன் குரல் கழுதை மாதிரி இருக்கு. என்னோடது குதிரை."

ஆகஸ்ட் 24

அப்பா ஃபார்ம்ல இருக்கார். எதிர் வீட்டு ராமையா மாமா பார்க்க வந்து, "எல்லாம் சரியாயிடும் மாணிக்கம்"னார். அப்பா அடிச்சது: "இவன் போன வருஷம் அறந்தாங்கி போனான். டிக்கெட் எடுக்கல. அந்தப் பயத்துல வந்திருக்கான்." நான் அதைச் சத்தமாப் படிச்சுட்டேன். மாமா எழுந்துட்டார். அம்மா என் முதுகுல ஒண்ணு போட்டாங்க. அப்பா தோள் குலுங்கிச்சு. சத்தமே இல்லாம சிரிக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருந்தா என்னமோ பண்ணுது. நான் தண்ணி எடுக்கப் போயிட்டேன்.

செப்டம்பர் 3

அம்மாவும் அப்பாவும் தஞ்சாவூர் போனாங்க, வந்தாங்க. மறுபடி ஸ்கேன். நான் காலேஜ்.

வந்ததும் நான் எதுவும் கேட்கல. அம்மா நேரா குளிக்கப் போயிட்டாங்க, பைப் ரொம்ப நேரம் ஓடிச்சு. அப்பா லேப்டாப்பைத் திறந்து அடிச்சது ரெண்டே வரி. "டாக்டர் நல்லவர். பார்க்கப் புது கண்டக்டர் மாதிரி இருக்கார், சில்லறை குடுக்கத் தயங்குறார்." ரெண்டாவது வரி, "ஃபேனைக் குறை." புள்ளி வச்சுட்டார்.

செப்டம்பர் 12

மினி ப்ராஜெக்ட் பாதி மதிப்பீடு. பேரைப் பார்த்தே மேடம் சிரிச்சாங்க. அப்பாவைப் பத்திச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திட்டாங்க. இருபதுக்குப் பதினெட்டு. நான் எழுதின ப்ரோக்ராம் கோடைப் பார்க்கவே இல்ல.

செப்டம்பர் 18

அப்பாவுக்குச் சோறு இறங்கல. கஞ்சி. இன்னைக்குக் கஞ்சியும் பாதிதான். அப்பா: "உங்கம்மா கஞ்சியில உப்பு இருக்கா இல்லையான்னு சண்டை போடக்கூட மைக் பிடிக்க வேண்டியிருக்கு."

லேப்டாப்பை வச்சா தொடை வலிக்குதாம். தலையணை வச்சு அது மேல வச்சேன்.

செப்டம்பர் 26, வியாழன்

வரலாற்றுச் சிறப்பு மிக்க நாள். லேப்ல முப்பது கம்ப்யூட்டர். திரையை அப்படியே போட்டோ எடுத்து அதையே பின்னணிப் படமா வச்சு, நிஜ ஐகான் எல்லாத்தையும் மறைச்சுட்டேன். பார்க்க எல்லாம் இருக்கும். எத்தனை தடவை தட்டினாலும் திறக்காது. மூணாவது பீரியட்ல முப்பது பேரும் தட்டு தட்டுன்னு தட்டறாங்க! ரிஸ்வானா மவுஸைத் தரையில தேய்ச்சுப் பார்க்கிறா. மேடம் மானிட்டர் தலையில அடிக்கிறாங்க. நான் சிரிச்சதுலயே மாட்டிக்கிட்டேன்.

"எத்தனை நேரம் ஆனாலும் முப்பதையும் சரி பண்ணிட்டுத்தான் நீ வீட்டுக்குப் போற, அரசு."

நாலரை மணிக்கு அம்மா போன்.

"எப்படா வருவ? அப்பா மூணு மணி புடிச்சு டைப் அடிச்சுக்கிட்டே இருக்கார். நிறுத்தவே இல்ல. உன்னைக் கூப்பிடச் சொல்லி சைகை காட்டுறார்."

"லேப்ல மாட்டிக்கிட்டேம்மா. அவரை அடிச்சு வைக்கச் சொல்லு. எல்லாம் சேவ் ஆகும். அப்புறமா படிச்சுக்கறேன்."

"நீ இருந்தா நல்லாருக்கும்டா."

"எங்கம்மா போயிடப் போகுது? ஃபைல்லதான இருக்கும்."

வீட்டுக்கு வரும்போது ஏழேகால். அப்பா படுத்திருந்தார். மேசையில எனக்கு டீ, தட்டு போட்டு மூடி. ஆடை கட்டியிருந்துச்சு. சூடு பண்ணாம அப்படியே குடிச்சேன். அப்பா கண்ணைத் திறந்து லேப்டாப்பைக் காட்டினார்.

"நாளைக்குப் படிக்கிறேன்ப்பா. எல்லாம் பத்திரமா இருக்கு."

கட்டில் கம்பியில ரெண்டு தட்டு. ரைட்.

செப்டம்பர் 27

படிக்கல. மாடல் எக்ஸாம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

லேப்டாப்பைத் துடைச்சேன். சார்ஜர் ஒயருக்கு டேப் சுத்தினேன். கீபோர்ட்ல இருந்த மிக்சர் தூளைத் தட்டினேன். படிக்கல.

மூணு மணி நேரம் உட்கார்ந்து அப்பா என்ன அடிச்சிருப்பார்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கு. படிச்சுட்டா தெரியாத மாதிரி நடந்துக்க முடியாது. ஊர்ல இருக்கிற எல்லாரையும் ஏமாத்துவேன், அப்பா முகத்துக்கு நேரா எனக்கு நடிக்க வராது. அது எங்கயும் போகப் போறதில்ல. இருக்கட்டும்.

அக்டோபர் 2

ஆம்புலன்ஸ் வந்துச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி மடியில வைன்னு கை காட்டினார். வச்சேன். அடிக்க ரொம்ப நேரம் ஆச்சு. "தண்ணி." அம்மா குடுத்தாங்க. புள்ளியை நான் வச்சேன்.

அக்டோபர் 10

அப்பா போயிட்டார். காலையில ஆறு இருபதுக்கு. பூங்கொடி முதல் ட்ரிப் கிளம்பற நேரம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஊர்ல இருக்கிற பஸ்ஸெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசிப் போகுது. மத்தியானம் பூங்கொடி எங்க தெருமுனையில வந்து நின்னுச்சு, மாலையோட. அந்த மாலையைக் கழட்டி அப்பாவுக்குப் போட்டார் டிரைவர் அந்தோணி மாமா. பதினஞ்சு வருஷம் அப்பா விசிலுக்கு வண்டி எடுத்தவர்.

தூக்கும்போது அவர்தான் சொன்னார்: "அரசு, நீ ரைட் குடுடா. உங்கப்பனுக்கு வேற யாரும் குடுக்கக் கூடாது."

விசிலை வாயில வச்சேன். காத்து வரல. எனக்குக் கழுத்துல துளைகூட இல்ல. ஊதறேன், ஊதறேன், வரல.

அந்தோணி மாமா கொஞ்ச நேரம் பார்த்துட்டு பஸ்ஸுக்குப் போய், உள்ளங்கையால தகரத்துல ரெண்டு தட்டு தட்டினார்.

அக்டோபர் 17

எழுத ஒண்ணும் இல்ல. தேங்காய் நிறைய மீந்துடுச்சு. தினமும் சட்னி.

அக்டோபர் 26, சனி

நேத்தோட பதினாறாம் நாள் முடிஞ்சது. சொந்தக்காரங்க எல்லாரும் போயாச்சு. மத்தியானம் அம்மா வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க. "அன்னைக்கு அவ்வளவு நேரம் அடிச்சாரேடா. அதைப் படி."

ஃபைலைத் திறந்தேன். செப்டம்பர் 26. அறுபத்து மூணு வரி. எந்த நாளும் அப்பா அத்தனை வரி பேசினதில்ல.

முதல் வரி: "எவ்வளவு நேரம்டா. டீ ஆறுது."

அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அடுத்தது?"ன்னாங்க.

ரெண்டாவது வரி: "எவ்வளவு நேரம்டா. டீ ஆறுது."

மூணாவதும் அதே. நாலாவதும் அதே. கீழே இறக்கிக்கிட்டே போனேன். அறுபத்து மூணும் அதே.

அம்மா என் முகத்தைப் பார்க்கறாங்க. நான் திரையைப் பார்க்கறேன். வாய் தானா திறந்துச்சு. மூக்கைச் சேர்த்துக்கிட்டு, கடைசி எழுத்தை இழுத்து, அம்மா பேர் சொல்லி அப்பா குரல்ல படிச்சேன்: "செல்வராணி, நீ அழக் கூடாது." அப்புறம், "அரசு நல்லாப் படிப்பான். கவலைப்படாதே." "உன் கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு." இப்படிப் பத்துப் பன்னிரண்டு. திரையில ஒண்ணு, வாயில ஒண்ணு. என் வாழ்க்கையிலயே பெரிய டூப் அதுதான்.

"மீதி?"

"மீதி பஸ்ஸைப் பத்திம்மா. டைமிங், ரூட்... சும்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அம்மா எழுந்து காய்ஞ்ச துணியை மடிக்கப் போனாங்க.

எல்லா நாளையும் திறந்து பார்த்துட்டேன். எல்லாம் அப்படித்தான். ஆகஸ்ட் 19, நாற்பத்தோரு வரி, நாற்பத்தொண்ணும் "போதும், கை வலிக்குது." ஆகஸ்ட் 24, முப்பத்தேழு தடவை "உங்கம்மா முறைக்கிறா, நிறுத்திக்கறேன்." செப்டம்பர் 3, ரெண்டு தடவை "ஃபேனைக் குறை." அன்னைக்கு டாக்டரைப் பத்தி அடிச்சது இல்ல. ஒவ்வொரு நாளும் கடைசியா அடிச்சது மட்டும், அன்னைக்கு எத்தனை வரி பேசினாரோ அத்தனை தடவை. நாள் போகப் போக எண்ணிக்கை குறையுது. இருபத்தி ரெண்டு, பதினாறு, ஒன்பது. நடுவுல அந்த அறுபத்து மூணு. மறுபடி அஞ்சு, நாலு.

அக்டோபர் 2, ஒரே வரி: "தண்ணி."

அந்த ஒரு நாள் மட்டும்தான் ஒண்ணும் விட்டுப்போகாம, முழுசா இருக்கு.

அக்டோபர் 28, திங்கள்

ரிஸ்வானாகிட்ட காட்டினேன். செமஸ்டருக்குப் படிச்சிருக்கா, இப்ப அவளுக்குத் தெரியுது. கோடை மேல இருந்து கீழ ரெண்டு தடவை படிச்சா. அப்புறம் மெதுவாச் சொன்னா, என்னோட பாஷையிலயே.

"உங்கப்பா பஸ்ஸுன்னு வச்சுக்க. அதுல ஒரே ஒரு சீட்டுதான். ஒருத்தர் ஏறி உட்கார்றார், எழுந்துக்கறார், அடுத்தவர் உட்கார்றார். அறுபத்து மூணு பேர். நீ லிஸ்ட்ல அவங்க பேரை எழுதியிருக்கணும். நீ ஒவ்வொரு தடவையும் 'அந்த சீட்டு'ன்னு மட்டும் எழுதியிருக்க. கடைசி ஸ்டாப்ல போய் லிஸ்டைப் பார்த்து, 'அந்த சீட்டுல யாரு?'ன்னு அறுபத்து மூணு தடவை கேட்டா..."

"கடைசியா உட்கார்ந்தவர்."

"ம். ஸ்ட்ர்டூப் என்ன பண்ணும்னா, ஏறுற ஒவ்வொருத்தருக்கும் தனி சீட்டு போட்டுக் குடுக்கும்."

"ஒரு வரி அடிச்சு டெஸ்ட் பண்ணேனே. சரியா வந்துச்சே."

"ஒருத்தர்தான் ஏறினார்னா ஒரு சீட்டு போதும்ல."

அவ அழுதா. "என் நோட்டுலதான் இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்"ன்னா. அவ எழுதினது சரியாத்தான் இருந்துச்சு. எடுத்தது நான்.

மேடம்கிட்டயும் கேட்டேன். "அந்த மீதி வரியெல்லாம் மெமரியில எங்கயாவது இருக்குமா மேடம்?" வழக்கமா நான் கேள்வி கேட்டா முதல்ல முறைப்பாங்க, ஏதோ கிண்டல்னு. இன்னைக்கு முறைக்கல. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாங்க. ஃபைலைப் பார்த்தாங்க. கோடைப் பார்த்தாங்க. அந்தச் சமம் மேல விரலை வச்சுக்கிட்டே இருந்தாங்க.

"இல்லப்பா. அடுத்த வரி அடிச்சப்பவே முந்தினது அழிஞ்சிருக்கும்."

அப்புறம், "அன்னைக்கே நான் கோடைப் பார்த்திருக்கணும்"னாங்க. நான் "பரவாயில்ல மேடம்"னேன்.

அக்டோபர் 31

தீபாவளி. எங்களுக்கு இல்ல. தெரு பூரா வெடி. அம்மா கதவைச் சாத்திட்டாங்க.

நவம்பர் 2, சனி

காலையில அரிசி களைஞ்சுக்கிட்டே அம்மா கேட்டாங்க, என்னைப் பார்க்காம.

"அன்னைக்கு நீ படிச்சது எதுவும் அவர் அடிச்சது இல்லதானே?"

கையில இருந்த டம்ளரைக் கீழ வச்சேன்.

"எல்லா வரியும் ஒரே மாதிரி இருந்துச்சேடா. எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாது. கண்ணு தெரியும்."

தரையில உட்கார்ந்துட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். சீட்டு, லிஸ்ட்டு, எடுத்த வரி, நோட்பேட், முப்பது கம்ப்யூட்டர். அம்மா அரிசியை நாலு தடவை களைஞ்சாங்க. தண்ணி தெளிஞ்சு போச்சு, இன்னும் களையறாங்க.

"அவர் என்னைச் செல்வராணின்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல"ன்னாங்க. "ராணின்னுதான். அங்கயே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏம்மா அடுத்தது அடுத்ததுன்னு கேட்ட?"

"குரல் அவரோடது மாதிரி இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டேன். "நீ பக்கத்துலதான இருந்த. என்ன அடிச்சார்னு கொஞ்சமாவது தெரியுமா?"

அம்மா கையைத் துடைச்சுக்கிட்டு வந்து எதிர்ல உட்கார்ந்தாங்க. யோசிச்சு யோசிச்சுச் சொன்னதை அப்படியே எழுதறேன். ஒரு சொல் விடல.

"முதல்ல வேகமா அடிச்சார். நடுவுல ரெண்டு தடவை சிரிச்சார், தோள் குலுங்கி. ரெண்டாவது தடவை என்னையும் பார்த்துச் சிரிச்சார். என்னன்னு தெரியாமலே நானும் சிரிச்சேன். அப்புறம் மெதுவாயிடுச்சு. ஒரு வரி அடிப்பார், அழிப்பார், மறுபடி அடிப்பார். அங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டார். துண்டு எடுத்துக் குடுத்தேன், வேண்டாம்னுட்டார். விசில் எங்கன்னு சைகையில கேட்டார். நீ பையில வச்சிருக்கன்னேன். சரின்னு தலையாட்டிட்டு அதைப் பத்தியும் ஏதோ அடிச்சார். அப்புறம் ரொம்ப நேரம் வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்தார். டீ போடச் சொன்னார். ரெண்டு விரல் காட்டினார், உனக்கும் சேர்த்து. அவருக்கு இறங்காதுன்னு தெரியும், ஆனாலும் போடுன்னார். டீயைக் கொண்டாந்து வச்சேன். மணியைப் பார்த்தார். கடைசியா ஒண்ணு அடிச்சுட்டு மூடினார்."

"கோபமா இருந்தாராம்மா?"

"இல்லடா. அதை அடிக்கும்போதும் சிரிச்சார்."

நவம்பர் 3, ஞாயிறு

இந்த டைரியை முதல்ல இருந்து புரட்டினேன். அப்பா சொன்னதுன்னு பத்து வரி தேறும். எல்லாம் என்னையோ, ராமையா மாமாவையோ, கஞ்சியையோ கிண்டல் பண்ணது. சிரிப்பா இருக்கேன்னு எழுதி வச்சது. முக்கியமானதை நான் எழுதவே இல்ல, அதான் ஃபைல் இருக்கேன்னு. முதல் பக்கத்துல அவர் கையெழுத்து இருக்கு. இப்ப அதைப் படிக்க அஞ்சு நிமிஷம் ஆகல. பழகிடுச்சு.

மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைப் பழையபடி போட்டேன். ஸ்ட்ர்டூப். பன்னிரண்டு எழுத்துகூட இல்ல. அடிக்க அஞ்சு நொடி ஆச்சு.

சோதிக்கணும்ல. ஒரு வரி அடிச்சுச் சோதிக்கிற வேலை இனிமே கிடையாது. அறுபத்து மூணு வரியும் அடிச்சேன். எல்லாம் வேற வேற. அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது, வரிசையா. முப்பது கம்ப்யூட்டரையும் என்ன பண்ணேன்னு. ரிஸ்வானா மவுஸைத் தேய்ச்சதை. விசில் அன்னைக்கு ஊதல, நேத்து மொட்டை மாடியில ஊதிப் பார்த்தேன், ஊதுதுன்னு. ஏழேகாலுக்கு வந்தது தப்புன்னு. படிக்காம நாள் நாளாத் தள்ளிப் போட்டது ஏன்னு. ஆறின டீயைக் குடிச்சேன்னு. நாற்பதுக்கு மேல கை வலிச்சுச்சு. அப்பா ஒத்தை விரலால அடிச்சார். அன்னைக்கு எப்படி வலிச்சிருக்கும்.

புள்ளி வச்சு மூடினேன். ஃபைலைத் திறந்தேன்.

அறுபத்து மூணும் இருக்கு. ஒண்ணுகூட மாறல, ஒண்ணுகூட விட்டுப்போகல. எல்லாம் என்னோடது.

அடுப்படியில அம்மா டம்ளர்ல கரண்டியால ரெண்டு தட்டு தட்டறாங்க. எப்பக் கத்துக்கிட்டாங்கன்னு தெரியல. டீ ஆறுதாம். போறேன்.